முதற் பேசும்படத்துத் தமிழ்க்குரல்: டி. பி. ராஜலட்சுமியின் நாடகப் பயிற்சியும் திரைப்பணியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, கலைமகள் ஒருத்தியின் பயிற்சியை நுணுகி உரைப்பதனைத் தமிழறிஞர் நன்கு அறிவர். மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிலத் தொடங்கினாள், ஏழாண்டுகள் பயின்றாள், பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள். அவளுக்கு அமைந்த ஆசிரியர்களின் தகுதியும், அவள் ஆடிய அரங்கின் அளவும் அக்காதையுள் பேசப்படுகின்றன. ஆயின், நமக்கு மிக அண்மைக் காலத்தில் வாழ்ந்து, தமிழ்ப் பேசும்படத்தில் முதன்முதலாகத் தலைவியாக நடித்த டி. பி. ராஜலட்சுமியின் பயிற்சி எத்தகையது என்று வினவினால், நம் கையில் உள்ள விடை மிகச் சிறிது. ‘முதல் நடிகை’, ‘முதல் பெண் இயக்குநர்’ என்னும் பட்டங்களைக் கூறி அமைந்துவிடுகின்றோம். பட்டங்கள் வரலாறு ஆகா. அவர் எதனைக் கற்றார், அக்கல்வி திரைக்கு எவ்வாறு பயன்பட்டது, பின்னர் அதன் மதிப்பு ஏன் குறைந்தது என்பனவே வரலாற்று வினாக்கள். அவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ராஜலட்சுமி 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் திருவையாற்றில் பிறந்தார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே அவருக்கு மணம் முடிந்தது, அம்மணம் நிலைக்கவில்லை. தந்தையை இழந்த பின் குடும்பம் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. அங்கே சாமண்ணாவின் நாடகக் குழுவில் சிறுமியாகச் சேர்ந்தார். பெண்டிர் மேடையேறுவதனைச் சமூகம் இழிவாகக் கருதிய காலம் அது. பல குழுக்களில் பெண் வேடத்தையும் சிறுவரே புனைந்தனர். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் போன்றோர் பெண்களைக் கொண்டே குழு நடத்திப் புகழ் பெற்றிருந்தனர் எனினும், அந்தணர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி வறுமையின் பொருட்டு மேடையேறுதல் எளிய செயலன்று.

ராஜலட்சுமியின் ஆற்றலை முதலில் கண்டறிந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்று நாடக வரலாறு எழுதுவோர் கூறுவர். இச்செய்தியை ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டு நோக்குதல் நலம். சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். இறுதியில் புதுவையில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் மறைந்தார். அவருடைய அடக்கவிடம் புதுவையைச் சார்ந்த கருவடிக்குப்பத்தில் உள்ளது. அவர் மறைந்த நாளில் ராஜலட்சுமிக்குப் பதினோராண்டு நிறைந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. ஆகவே, சுவாமிகளிடம் அவர் நேரே பாடம் கேட்டிருப்பின், அது குழந்தைப் பருவத்துச் சில காலமே ஆதல் வேண்டும். அவரை நெடுங்காலம் பயிற்றியவை சுவாமிகளின் நாடகப் பனுவல்கள் எனக் கொள்வதே பொருந்தும். ஆசிரியர் மறைந்தார், பாடம் மேடைதோறும் நின்றது.

அப்பாடத்தின் இயல்பு யாது? சுவாமிகளின் நாடகங்களில் பாட்டும் வசனமும் வரையறுக்கப்பட்டிருந்தன. எனினும் அவ்வரையறை முற்றும் மூடியதன்று. ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் அவளை நாடி வரும் வேலனும் சொல்லுக்குச் சொல் வாதிடும் பகுதியைக் காண்க. மேடை வழக்கில் இதனைத் ‘தர்க்கம்’ என்பர். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் முறையில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இன்றியே ஒரே மேடையில் கூடுவர். பனுவல் அனைவர்க்கும் பொது. எதிர் நிற்பவர் என்ன வினாவை எழுப்புவார் என்பது எவர்க்கும் தெரியாது. பாட்டால் கேட்டால் பாட்டாலும், வசனத்தால் கேட்டால் வசனத்தாலும் அப்பொழுதே விடை கூறல் வேண்டும். விடை கூற இயலாதவரை அவையோர் எள்ளுவர். எனவே, அம்மேடையில் நின்ற நடிகை பிறர் எழுதியதை ஒப்பிப்பவள் மட்டும் அல்லள். பனுவலின் எல்லைக்குள் நின்று தானும் சொல்லாக்குபவள் ஆவாள். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு ராஜலட்சுமியின் திரைப்பணியை நோக்குவோம்.

‘கோவலன்’ முதலிய பேசாப் படங்களில் அவர் முதலில் நடித்தார். குரலால் வளர்ந்த கலைஞருக்கு அப்படங்கள் பாதி வாய்ப்பையே அளித்தன. 1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியாவின் முதற் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளிவந்தது. அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானி, எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் ‘காளிதாஸ்’ படத்தை எடுத்தார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்ட்ரல் அரங்கில் அது திரையிடப்பட்டது. இருபது வயது நிறையாத ராஜலட்சுமி தமிழில் பேசினார்; உடன் நடித்த தலைவர் தெலுங்கில் பேசினார். மொழி வேறுபட்டும் காட்சி நடந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். எதிர் நிற்பவர் சொல்லைச் செவியால் மட்டுமன்றி மெய்ப்பாட்டாலும் உணர்ந்து விடை கூறும் மேடைப் பழக்கம் உடையார்க்கு அது முற்றும் புதியதன்று என நாம் கருதுகின்றோம்.

அக்காலத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழ்த் திரையில் இல்லை. நடிப்பவரே ஒலிவாங்கிக்கு முன் பாடுதல் வேண்டும். ஆதலால் தயாரிப்பாளர்கள் மேடையை நாடியது இயல்பே. இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் முதற் பேசும்படமும் அதே 1931ஆம் ஆண்டிலேயே ஷாங்காயில் வெளிவந்தது. அதில் ஹூ தியே என்னும் புகழ்பெற்ற நடிகை ஏற்ற வேடம், இசை நாடகப் பாடகி ஒருத்தியின் வேடமாகும். திரை பேசத் தொடங்கியபொழுது இரு நாடுகளும் பாடும் மேடைப் பெண்ணையே நினைத்தன. சீனப் படம் அவளைக் கதைப் பாத்திரமாக்கிற்று. தமிழ்ப் படம் அவளையே திரைக்கு அழைத்து வந்தது.

1933இல் கல்கத்தாவில் எடுக்கப்பெற்ற ‘வள்ளி திருமணம்’ படத்தில் ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். படம் நல்ல வருவாய் ஈட்டியது. அப்படத்தில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்தார். மக்கள் அவரைச் ‘சினிமா ராணி’ என்றே அழைத்தனர். இவ்வளவும் பிறர் பனுவலில் அவர் பெற்ற வெற்றி.

1936இல் அவர் ஒருபடி மேற்சென்றார். தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலைத் தழுவி ‘மிஸ் கமலா’ என்னும் படத்தைத் தாமே தயாரித்து இயக்கி நடித்தார். புராணக் கதைகளே பெரிதும் படமாகிய நாளில், தம் காலத்துப் பெண்ணொருத்தியின் கதையை அவர் தேர்ந்தார் என்பது கருதத்தக்கது. பாரிசில் ஆலிஸ் கி 1896ஆம் ஆண்டளவிலேயே படம் இயக்கத் தொடங்கினார். பம்பாயில் பாத்மா பேகம் 1926இல் இயக்கினார். தமிழில் அவ்விடத்தைப் பெற்றவர் ராஜலட்சுமி. முறையான பள்ளிக் கல்விக்குப் போதிய வாய்ப்பில்லாத ஒருவர் நாவல் எழுதவும் படம் இயக்கவும் துணிந்தது எங்ஙனம்? அதனைத் தனியொருவரின் வியத்தகு துணிவு என்று மட்டும் கூறுதல் குறைபாடு உடையது. இரவுதோறும் விடியும்வரை சொல்லுக்குச் சொல் படைத்த மேடை அவருக்கு எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று என்பதே நம் துணிபு. மேடையில் வள்ளியின் விடையைத் தாமே ஆக்கிக்கொண்டவர் திரையில் கமலாவையே ஆக்கிக்கொண்டார்.

ஆயின் அக்கலைக்கு இருந்த தேவை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1938இல் ஏவி. மெய்யப்பர் ‘நந்தகுமார்’ படத்தை வெளியிட்டார். அதில் யசோதையாக நடித்தவர் ராஜலட்சுமி. தேவகியாக நடித்தவருக்கோ லலிதா வெங்கட்ராமன் என்பவர் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இதனைக் கூறுவர். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் வழக்கம் வேரூன்றிய பின், பாடவும் ஆடவும் வாதிடவும் ஒருங்கே கற்ற நடிகை இன்றியமையாதவள் அல்லள் ஆனாள். கே. பி. சுந்தராம்பாளைப் போல் குரலாலேயே தனியிடம் பெற்றோர் சிலர் நின்றனர். ‘துணைவன்’ படத்தில் பாடியமைக்காக அவர் 1969ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதினையும் பெற்றார். ஆனால் அவர் விதிவிலக்கு. 1931இல் அவ்வழக்கின் தொடக்கத்தில் நின்ற ராஜலட்சுமி, 1938இல் அதன் முடிவு தொடங்கிய படத்திலும் நின்றார். இடைப்பட்டவை ஏழே ஆண்டுகள். அவர் 1964இல் மறைந்தார்.

‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ ஆகிய இரு படங்களும் இன்று கிடைத்தில. ஆதலின் அவர் நடிப்பை நாம் நேரே காண இயலாது. ஏட்டுச்சுவடிகள் அழிந்த நூல்களை மேற்கோள்களால் மீட்டெடுத்த மரபு நம்முடையது; அம்முறையை இங்கும் கையாளலாம். படத்தோடு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், செய்தித்தாள் விளம்பரங்கள், இசைத்தட்டுகள் ஆகியவை ஒருபுறம் சான்றாகும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாட்டுப் புத்தகங்கள் பேணப்படுகின்றன. மற்றொரு புறம், இன்னும் வாழும் மேடை வழக்கு சான்றாகும். நாடக நடிகர் குடும்பங்களில் உள்ள கையெழுத்துப் படிகளில் ஒரே காட்சியின் தர்க்கம் எத்தனை வகையாக வளர்ந்துள்ளது என ஒப்பிட்டால், அந்நாளைய நடிகைக்கு இருந்த சொல்லுரிமையின் அளவு புலப்படும்.

இப்பணிக்குப் புதுவை மிக ஏற்ற களமாகும். சுவாமிகள் துயிலும் கருவடிக்குப்பத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் அருகருகே அமைந்துள்ளன. பிள்ளைச்சாவடியில் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளது. காலாப்பட்டில் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே தாங்குகின்றது. தேய்ந்த இசைத்தட்டின் ஒலியையும் மங்கிய கையெழுத்தையும் மீட்கும் நுட்பம் ஒரு வளாகத்திற்கு உரியது. மீட்டதைப் படித்து நடித்துப் பொருள் காணும் அறிவு மற்றொன்றிற்கு உரியது. இரண்டனையும் இணைக்கும் ஆய்வினை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். கையெழுத்துப் படிகளை வைத்திருப்போர் முதியோர். அவை பழந்தாளாக எடைக்குச் செல்லும் முன் படியெடுத்தல் வேண்டும். மாதவியின் பயிற்சியை எழுதி வைக்க இளங்கோவடிகள் இருந்தார். ராஜலட்சுமியின் பயிற்சியை எழுதும் கடமை ஆய்வாளராகிய நம்மைச் சார்ந்தது.