வேட்டையில் ஒரு பங்கு

டீயை மெதுவாகக் குடியுங்கள். இந்த ஓவியத்தை அவசரமாகப் பார்க்க முடியாது.

பெயர் ‘வார்லுகுலாங்’. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துக்காரரான க்ளிஃபோர்ட் பாசம் ஜபால்ஜாரி 1977-ல் வரைந்தது. அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். முதலில் கண்ணில் படுவது புள்ளிகள், வட்டங்கள், வளைந்தோடும் கோடுகள். எதிரே நின்று பார்க்கும் காட்சியாக இதை நினைக்காதீர்கள். உயரே வட்டமிடும் பருந்தின் கண்ணுக்குத் தெரியும் தரை இது. கோடுகள் கதைகளில் வரும் மூதாதையர் நடந்த தடங்கள். வட்டங்கள் அவர்கள் தங்கிய இடங்கள்.

படத்தின் நடுவே தீ வெடித்துக் கிளம்புகிறது. அதை மூட்டியவர் லுங்கட்டா, நீலநாக்குப் பல்லி மூதாதை. அவருடைய இரண்டு மகன்கள் கங்காரு ஒன்றை வேட்டையாடி, தகப்பனுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தின்றுவிட்டார்கள். கோபத்தில் அவர் காட்டுக்குத் தீ வைத்தார். ஓடிய மகன்களைத் தீ துரத்திப் பிடித்தது. அவர்களின் எலும்புக்கூடுகளையும் படத்தில் பார்க்கலாம்.

இந்தத் தீ மூண்ட இடம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே உண்மையாகவே இருக்கிறது. அங்குள்ள மக்களுக்கு இது பழங்கதை மட்டும் அல்ல. நிலம் எப்படி உருவானது, அதில் எப்படி வாழ வேண்டும், கிடைத்ததை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது. அதனால்தான் ஒரு கதையை யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. பிறப்பாலும் உறவாலும் அந்த உரிமை வர வேண்டும். வட்டம் ஒரு கதையில் நீர்நிலை, இன்னொன்றில் அடுப்புத் தீ. எது எதுவென்று சொல்லக்கூடியவர்கள் உரிமையுள்ளவர்களே.

தலைமுறை தலைமுறையாக இந்த உருவங்களைப் பெரும்பாலும் மணலிலும் உடம்பிலும் வரைந்தார்கள். சடங்கு முடிந்ததும் அவை அழிந்துபோகும். பாப்புன்யா என்ற குடியிருப்பில் 1971-ல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். பிறகு பலகை, அதன் பின் கேன்வாஸ். 1972-ல் ஓவியர்கள் தங்களுக்கென்று சொந்த நிறுவனமே தொடங்கினார்கள்.

வார்லுகுலாங் முதலில் 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. ஓவியர் 2002-ல் இறந்தார். 2007-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடம் இதை 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் தர வேண்டும் என்ற சட்டம் அங்கே 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது. வேட்டையாடியதில் உரியவருக்குப் பங்கு வைக்க வேண்டும் என்பதை லுங்கட்டாவின் கதை எப்போதோ சொல்லிவிட்டது. சந்தைக்கு அதைக் கற்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.