‘ஃபாஸ்ட்’ எனும் ஆங்கிலச் சொல்: பொருளும் வழக்கும்

முன்னுரை

விரைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் நம் மாணவர்கள் மிக இளமையிலேயே அறிந்துகொள்வது ‘ஃபாஸ்ட்’ என்பதாகும். எளிய சொல் என்பதாலேயே அதனை வகுப்பில் விளக்க நாம் முற்படுவதில்லை. கட்டுரையாளர் நடத்திய மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் மாணவி ஒருவர், படைத்தலைவன் தன் வீரர்க்கு இடும் ‘ஸ்டாண்ட் ஃபாஸ்ட்’ என்னும் ஆணையை ‘விரைந்து நில்லுங்கள்’ எனப் பெயர்த்திருந்தார். விடை தவறு எனக் குறிக்கப்பட்டது. அவரோ வகுப்பில் வழங்கப்பட்ட சொற்பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் இச்சொல்லுக்கு ‘விரைவான’ என்ற ஒரு பொருளே தரப்பட்டிருந்தது. அப்பட்டியலைத் தொகுத்தவர் இக்கட்டுரையாளரே. எனவே, அப்பிழையின் மூலம் எங்குள்ளது என்பதை ஆராய்ந்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குரிய பொருள் ‘உறுதியான’, ‘அசையாத’ என்பதேயாகும், விரைவு அன்று. இறுகக் கட்டுதலைக் குறிக்கும் ‘ஃபாஸன்’, நிலைகுலையாமையைக் குறிக்கும் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ ஆகிய சொற்களில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. இதற்கு இனமான ஜெர்மானியச் சொல்லாகிய ‘ஃபெஸ்ட்’ என்பதும் உறுதியையே உணர்த்துகிறது.

அசையாமையைக் குறித்த சொல் விரைந்த அசைவைக் குறிக்கலானது எவ்வாறு? இம்மாற்றம் வினையடையில் தோன்றியது. உறுதியாகப் பற்றுதல் என்பதிலிருந்து, ஒரு செயலை முழு வலிமையோடும் இடைவிடாமலும் செய்தல் என்னும் பொருள் விரிந்தது. வலிமையோடும் இடைவிடாமலும் ஓடுபவன் விரைந்து ஓடுபவனே அல்லவா? இவ்வாறு இடைக்கால ஆங்கிலத்தில் விரைவுப் பொருள் வேரூன்றியது. பெயரடையாக அப்பொருளில் வழங்கத் தொடங்கியது அதற்கும் பிற்பட்டே.

உண்ணாநோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ என்பதும் இதே வேரினின்று கிளைத்ததாகும். விதியொன்றை உறுதியாகக் கடைப்பிடித்தல் என்பதே அதன் அடிப்படை. நோன்பை முறிக்கும் உணவே ‘பிரேக்ஃபாஸ்ட்’. தமிழிலும் ‘நோன்பு’ என்பது, பொறுத்தலையும் வலிமையையும் குறிக்கும் ‘நோன்மை’ என்பதோடு ஒரே சொற்குடும்பத்தைச் சார்ந்தது என்பது இங்கு எண்ணி மகிழத்தக்கது.

இன்றைய வழக்குகள்

பழம்பொருள் வழக்கொழிந்துவிடவில்லை. ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்பது இறுகப் பற்றுதல்; ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்பது ஆழ்ந்த உறக்கம்; ‘ஃபாஸ்ட் ஃபிரெண்ட்’ என்பது உற்ற நண்பன்; ‘ஃபாஸ்ட் கலர்’ என்பது வெளுக்காத சாயம். அறிவியல் தமிழில் பிழை நேரக்கூடிய ஓரிடமும் உண்டு. காசநோய்க் கிருமி ‘ஆசிட் ஃபாஸ்ட்’ எனப்படும். சாயமேற்றிய பின் அமிலத்தால் கழுவினும் அக்கிருமி நிறத்தை இழப்பதில்லை என்பதே அதன் பொருள். கிருமியின் வேகத்திற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

விரைவுப் பொருளும் தனக்கெனக் கிளைகள் கொண்டது. கடிகாரம் ‘ஃபாஸ்ட்’ என்றால், அது சரியான நேரத்திற்கு முந்திக் காட்டுகிறது என்பது கருத்து. ஒருவருடைய வாழ்க்கை ‘ஃபாஸ்ட்’ என்றால், அது கட்டுப்பாடற்றது என்னும் குறிப்பு உண்டு. கட்டுண்டு நிற்பதைக் குறித்த சொல் கட்டுப்பாடின்மையையும் குறிக்குமளவு பொருள் திரிந்துள்ளது.

தமிழில் ஓர் ஒப்புமை

இத்தகைய பன்முகப் பொருண்மை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்னும் சொல்லுக்குரைக்கும் பொருள்களுள் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. காவல் மரம் ‘கடிமரம்’ எனப்பட்டது. விரைந்து செல்வதைக் ‘கடிது சென்றான்’ என்கிறோம். ‘கடுமை’, ‘கடுகுதல்’ என்பனவும் அவ்வாறே. மிகுந்த வலிமையைக் குறிப்பது விரைவையும் குறிக்கும் போக்கு இவற்றில் புலனாகிறது. இதனைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பித்தல் தவறு. எனினும், ‘கடி’ என்பதற்கு இடம் நோக்கிப் பொருள் கொள்ளப் பழகிய தமிழ் மாணவர்க்கு ‘ஃபாஸ்ட்’ என்பதை விளக்க இது நல்ல வாயிலாகும்.

முடிவுரை

வகுப்பறையில் மாணவர் இச்சொல்லைத் தனித்து நோக்காமல், உடன்வரும் சொல்லோடு சேர்த்தே நோக்குமாறு பயிற்றுதல் வேண்டும். நிற்றல், பற்றுதல், உறங்குதல் போன்ற நிலையைக் குறிக்கும் சொற்களோடு வரின் உறுதிப்பொருளையும், ஓடுதல், பேசுதல் போன்ற இயக்கத்தைக் குறிக்கும் சொற்களோடு வரின் விரைவுப்பொருளையும் முதலில் கருதிப் பார்க்கலாம். இது முடிந்த விதியன்று. தொடரின் சூழலே இறுதி முடிவைத் தரும்.

மேற்சுட்டிய சொற்பட்டியல் இப்போது திருத்தப்பட்டுள்ளது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழுத் தொடர் எடுத்துக்காட்டாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ‘உறுதியாக நில்லுங்கள்’ என்பது அவற்றுள் முதலாவது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கற்பித்துவிட்டு, அதன்படி எழுதிய மாணவரைக் குறைகூறுதல் முறையாகாது. நாம் வழங்கும் பட்டியல்களை முதலில் நாமே திருத்திக்கொள்வோமாக.