கண்ணுக்கு எட்டாத ஒளியில் ஒரு மலைச்சரிவு

ஒளி என்பது நாம் காண்பது மட்டுமே என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும் ஒளியெனும் பெருங்கடலில் நமது கண் ஒரு சிறு துறையில் மட்டுமே இறங்கப் பழகியது. ஊதாவுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களே அதற்குப் புலனாவன. 1800 ஆம் ஆண்டில் வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல், அரியத்தாற் பிரிந்த சூரிய ஒளியில் வெப்பமானிகளை வைத்து நோக்கினார். சிவப்பு முடிந்து இருள் தொடங்கும் இடத்திலேயே வெப்பம் மிகுந்திருக்கக் கண்டு வியந்தார். அந்த இருளில் உறைவதே அகச்சிவப்பு ஒளி. 1910 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் றொபேட் வூட் அவ்வொளியிற் பிடித்த படங்களை வெளியிட்டபோது, அவற்றில் மரங்கள் பனி போர்த்தவைபோல் வெளுத்து நின்றன. வானமோ மையெனக் கறுத்திருந்தது.

ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, இந்த விந்தையைப் பாடநூலிற் படித்ததோடு அமைதி கொள்ள இயலவில்லை. நாற்புறமும் தேயிலைப் பசுமை சூழ வாழ்கின்றவன், அந்தப் பசுமையின் மறுமுகத்தைக் காண விழைவது இயற்கையன்றோ? ஆகவே டிஜிட்டல் கமராவைக்கொண்டு அகச்சிவப்புப் படம் பிடிக்கும் கலையைக் கற்கத் தொடங்கினேன்.

இலை வெளுக்கும் காரணம்

இலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியையும் நீலவொளியையும் உண்டு, பச்சையில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதனாலேயே இலை நமக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. அகச்சிவப்பு ஒளியையோ பச்சையம் தீண்டுவதில்லை. அவ்வொளி இலையின் உட்புகுந்து, காற்றிடைவெளிகள் நிறைந்த உயிரணுக்களின் சுவர்களில் மோதிச் சிதறி, ஏறத்தாழப் பாதியளவு வெளியே மீள்கிறது. அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு இருக்குமாயின், நம் தேயிலை மலைகள் யாவும் வெள்ளி மலைகளாகவே தோன்றும்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். இவ்வகைக் கமரா வெப்பத்தைக் காண்பதன்று. நம் உடலின் வெப்பக் கதிர்கள் 10,000 நானோமீற்றரை அண்டிய அலைநீளம் உடையவை. கமராவின் உணரியிலுள்ள சிலிக்கனோ 1,100 நானோமீற்றருக்கு மேற்பட்டதை அறியாது. நாம் படமாக்குவது, சூரியனிடமிருந்து வந்து பொருள்களிற் பட்டுத் தெறிக்கும் அகச்சிவப்பை மட்டுமே.

கருவியும் பயிற்சியும்

சிலிக்கன் உணரி இயல்பாகவே அகச்சிவப்பை உணரவல்லது. தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவியின் முனையைக் கைபேசிக் கமராவின் முன் பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அதன் மினுக்கம் பல கைபேசிகளின் திரையிற் தெரியும். மாணவர் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது. ஆனால் நிறங்கள் கெடாதிருக்கவேண்டி, கமராவைச் செய்வோர் உணரிக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்துவிடுகின்றனர். எனவே கற்போனுக்கு இரு வழிகள் உண்டு. பழைய கமரா ஒன்றைத் தேர்ந்தவரிடம் கொடுத்து அத்தடைக் கண்ணாடியை அகற்றுவித்தல் ஒன்று. 720 நானோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட ஒளியைத் தடுக்கும் கறுத்த வடிகண்ணாடியை வில்லையின் முகப்பிற் பொருத்தி, தடையைக் கடந்து கசியும் சிறிதளவு ஒளியை நெடுநேரம் சேர்த்தல் மற்றொன்று. செலவு குறைந்ததாகையால் இரண்டாவது வழியையே நான் மேற்கொண்டேன்.

இவ்வழி பொறுமையைக் கற்பிக்கும் வழி. வடிகண்ணாடியை மாட்டியபின் காட்சித்துளையில் இருளே தெரியும். ஆதலால் கமராவை முக்காலித் தாங்கியில் நிறுத்தி, காட்சியை வகுத்து, குவியத்தைச் சரிசெய்த பின்னரே அதனை மாட்டவேண்டும். அகச்சிவப்பின் குவியம் சாதாரண ஒளியின் குவியத்திலிருந்து சற்றே விலகி நிற்கும். முற்காலத்து வில்லைகளில் இதன்பொருட்டுச் செந்நிறக் குறியொன்று பொறித்திருந்தனர். வெண்மைச் சமநிலையை வெள்ளைத் தாளிலன்றிப் பசும்புல்லில் வைத்தே தீர்மானித்தல் நலம். சில வில்லைகள் படத்தின் நடுவே ஒளிப்பொட்டு ஒன்றை உண்டாக்கும், அவற்றை விலக்கவேண்டும். பின்னர் கணினியிற் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால், வெண்மரங்களுக்குமேல் நீலவானம் விரியும்.

மலைநாட்டிற் பயில்வோனுக்குத் தனித் தொல்லைகளும் உள. ஒவ்வொரு படத்துக்கும் பல விநாடிகள் வேண்டியிருக்க, காற்றோ கொழுந்தை அசைத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய புகாரை அகச்சிவப்பு ஓரளவு ஊடுருவும். ஹப்புத்தளையிலிருந்து இறங்கிவரும் மூடுபனியை ஊடுருவாது. காற்று ஓய்ந்து வெயில் எறிக்கும் காலைப்பொழுதே இக்கலைக்கு உகந்தது.

மீரியபெத்தையில்

அத்தகைய ஒரு காலையில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைக்குச் சென்றேன். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, அங்கே மலைச்சரிவு சரிந்து லயன் குடியிருப்புக்களை மூடியதைத் தமிழுலகம் மறந்திராது. மீட்கப்பட்ட உடல்கள் சில. மண்ணோடு மண்ணானோர் பலர். காலம் தன் பச்சைப் போர்வையை அந்த வடுவின்மீது விரித்துவருகிறது. அறியாத வழிப்போக்கன் இன்னுமோர் அழகிய மலைச்சாரல் என்றே கருதிக் கடந்து செல்வான்.

என் கமரா காட்டியது யாது? புல்லும் புதரும் மூடிய இடமெல்லாம் அயலிலுள்ள தேயிலையைப் போலவே வெளுத்திருந்தது. பாறையும் வெறுமண்ணும் தெரிந்த இடங்கள் கரும்புள்ளிகளாய், சரிவு ஓடிய தடத்தில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. இலை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அது செம்மையாகப் பிரித்துக் காட்டியது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

கொழுந்துக் கூடையோடு அவ்வழி வந்த மூதாட்டி ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டி மண்ணுக்குள்ள இருக்கிறதப் பாக்குமா சேர்?" என்று கேட்டார்.

"பாக்காதும்மா. மேல இருக்கிற இலையத்தான் பாக்கும்" என்றேன்.

"அதத்தான் நாங்களும் பாக்கிறோம்" என்று சொல்லி அவர் நடந்தார்.

அந்த விடையைவிட ஆழமான விமரிசனம் எதனையும் இக்கலைபற்றி நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

விண்ணிலுள்ள கண்கள்

ஆயினும் இந்த ஒளியைப் பயனற்றதென்று தள்ளுதல் தகாது. 1972 இல் அமெரிக்கா ஏவிய முதலாவது லான்ட்சாட் செய்மதியும், 1988 இல் விண்ணேறிய இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1-ஏ செய்மதியும் இதே அகச்சிவப்பைக்கொண்டே புவியின் பசுமையை அளந்தன. சிவப்பொளியை உண்டு அகச்சிவப்பை மீட்டனுப்பும் இலையின் இயல்பே அவ்வளவையின் அடிப்படை. ஐரோப்பிய சென்டினல்-2 செய்மதிகளின் படங்களில் ஒரு புள்ளி 10 மீற்றர் நிலத்தைக் குறிக்கும். அவற்றை எவரும் விலையின்றிப் பெறலாம். பசுமலையில் மண் சரிந்த இடம், முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களை ஒப்பிட்ட மாத்திரத்தில் புலனாகிவிடும். மழைக்கால முகில் மறைக்கும்போது ராடர் செய்மதிகள் துணைபுரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை உள்ளிட்ட மலை மாவட்டங்களைக் குலைத்த பின்னர், இத்தகைய படங்களை வாசிக்கும் அறிவு நம் மாணவர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. மீரியபெத்தையின் அபாயம் எந்தக் கமராவுக்கும் காத்திருக்கவில்லை. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. நிலத்தில் வெடிப்பு விடுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் கலங்குதல், கதவுகள் நிலையில் இறுகுதல் ஆகிய சரிவின் முன்குறிகள் யாவும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. கான்கள் தூர்ந்து மழைநீர் மண்ணுள் இறங்குவதைக் கான் வெட்டும் தொழிலாளி எவனும் அறிவான். தப்பியோருக்குப் பூனாகலைப் பகுதியில் மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல். எச்சரிக்கை வந்த ஆண்டில் அவ்வீடுகள் எழுந்திருந்தால்? அறிவு முன்னே வந்துவிட்டது. வீடு பின்னே வந்தது. இரண்டுக்கும் இடையில் மலை வந்துவிட்டது.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் நான் கூற விழைவது இதுவே. அகச்சிவப்புப் படக்கலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அது பௌதிகத்தையும் தாவரவியலையும் ஒருங்கே கற்பிக்கும். பழகிய காட்சியைப் புதிதாக்கும். அதனோடு, நீங்கள் வாழும் லயத்தின் பின்னாலுள்ள சரிவையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வெறுங்கண்ணால் நோக்கி, கண்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். எழுதியதை உரிய அதிகாரிகளிடம் சேர்ப்பித்து, விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். காணாத ஒளியைக் காண்பது விஞ்ஞானம். கண்டதைக் கண்டதாக ஒப்புக்கொண்டு உரிய காலத்திற் செயலாற்றுவது அறம். மலையகத்துக்கு இன்று மிகுதியும் வேண்டப்படுவது பின்னதேயாம்.