உடையும் அலையில் ஒரு கயாக்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல் குளம்போலக் கிடக்கும். ஏறத்தாழ 4 கி.மீ. நீளமான இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் அதற்குக் காவல். வடக்கே வான்தீவு, காசுவார், காரைச்சல்லித் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளும் அலையின் வேகத்தை வாங்கிவிடுகின்றன. அதே மாவட்டத்தில் திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாட்டுக்குப் போனால் காட்சியே வேறு. திருச்சிலுவைக் கோயில் நிற்கும் குன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து வரும் அலையைத் தேடித்தான் சறுக்கப் பழகுகிறவர்கள் அங்கே வருகிறார்கள்.

அலை ஏன் வளைகிறது? ஆழம் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். 2 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 16 கி.மீ. ஓடும் அலை, 1 மீட்டர் ஆழத்தில் 11 கி.மீ.யாகத் தளர்கிறது. குன்றை ஒட்டிய நுனி பின்தங்க, ஆழத்தில் இருக்கும் நுனி முந்த, அலை முழுவதும் திரும்புகிறது. அப்படி வரும் அலை மடாரென்று மொத்தமாக விழாது. ஒரு முனையிலிருந்து வரிசையாக உடைந்துகொண்டே போகும். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல அலை கிடையாது.

அலை எங்கே உடையும் என்பதையும் கடலடிதான் தீர்மானிக்கிறது. 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் தண்ணீருக்கு வந்ததும் முகடு சரியும். முத்துக்குளித்த பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், 10 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடந்தன; அங்கே அலை உடையாது. அதனால்தான் தோணிகள் அவற்றின்மேல் நங்கூரமிட்டு நிற்க முடிந்தது.

கட்டுமரக்காரர்கள் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போனார்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வு பார்த்து மரத்தைத் தள்ளுவார்கள். ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் உள்ள துளைகளுக்கும் அதே வேலைதான்.

கயாக்கில் கரைக்குத் திரும்பும்போது அலையைப் பிடிக்க, படகின் பின்பக்கம் உயரும் நேரத்தில் நாலைந்து துடுப்பு அழுத்திப் போட வேண்டும். மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். சிக்கல் அதற்கு அப்புறம். முன்மூக்கு தண்ணீரில் ஊன்ற, பின்பக்கத்தை அலை தள்ள, படகு குறுக்கே திரும்பிவிடும். பயத்தில் உடம்பு கரைப்பக்கம் சாயும், அந்தப் பக்க விளிம்பு தண்ணீரில் புதைந்து தடுக்கும், படகு கவிழும். செய்ய வேண்டியது நேர்மாறு. அலையை நோக்கிச் சாய்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, துடுப்பின் தட்டைப் பகுதியை நுரைமேல் அழுத்த வேண்டும். மேலெழும் தண்ணீர் அதைத் தாங்கும். படகு குறுக்காகவே கரைவரை சறுக்கிப் போகும். முழங்கால் உயர அலையில் இரண்டு பக்கமும் இதைப் பழகினால் பயம் தெளியும்.

கவிழ்வதையும் வேண்டுமென்றே பழக வேண்டும். கவிழ்ந்தபின் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கவே கூடாது. 200 லிட்டர் தண்ணீர் புகுந்த படகு 200 கிலோ கூடுதல் எடையோடு வந்து மோதும்.

காற்றே இல்லாத நாளிலும், பல ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் தென்கடலில் கிளம்பிய அலை நம் கரையில் பொங்குவது உண்டு. கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த 2024 மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே 5 மருத்துவ மாணவர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. இறங்குமுன் அதைப் பாருங்கள், அந்தக் கரையின் மீனவரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள்.