களிம்பு ஏறிய கடிகாரம்

போன வாரம் பரணிலிருந்து இறக்கிய 386 கணினி உயிர்பெற்றது. ஆனால் அது காட்டிய தேதி 1980 ஜனவரி 1. தன் வயிற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருப்பதும் அதற்கு மறந்துபோயிருந்தது.

தேதியையும் டிஸ்க் விவரத்தையும் பேட்டரியின் துணையோடு நினைவில் வைக்கும் ஏற்பாடு 1984-இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோதே வந்துவிட்டது. அதிலிருந்த மோட்டோரோலா கடிகாரச் சில்லுக்கு மொத்த நினைவகம் 64 பைட். நேரம் காட்ட 14, மீதி 50 டிஸ்க் வகை போன்ற விவரங்களுக்கு. மின்சாரம் நின்றபின் இதைத் தாங்குவது ஒரு சின்ன பேட்டரி. அது செத்தால் எல்லாம் போச்சு.

மூடியைக் கழற்றினேன். கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிற உருளை, 3.6 வோல்ட். உள்ளே மூன்று நிக்கல்-காட்மியம் செல்கள். ஒரு முனையில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை. அதை ஒட்டிய செம்புத் தடங்களில், கழுவாத குத்துவிளக்கில் ஏறுமே, அதே பச்சைக் களிம்பு. கசிந்திருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடும் காரம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் எந்தப் பக்கம் என்று படமெடுத்துக்கொண்டேன். பேட்டரியைச் சூடுகாட்டி நெம்பக் கூடாது. செல் வெடிக்கலாம், தடமும் உரிந்து வரும். கட்டரால் கால்களை ஒவ்வொன்றாக நறுக்குவதே மேல். பிறகு பஞ்சில் வினிகர் தொட்டு ஒற்றினால் காரம் முறியும். பாத்திரத்துக்குப் புளி போடுகிற அதே வித்தைதான். ஆனால் புளி இங்கே வேண்டாம், பிசுபிசுக்கும். கடைசியில் தண்ணீர், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

நறுக்கியபின் போர்டில் மிஞ்சிய கால் துண்டுகளைச் சூடுகாட்டி எடுக்கப் பார்த்தேன். பிளஸ் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. கிரவுண்ட் கால் அசையவில்லை; போர்டுக்குள் ஓடும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடும். ஃபிளக்ஸ் தடவி, பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயம் வைத்தேன். எடுப்பதற்கு வைப்பதா என்று தோன்றும். புது ஈயம் கலந்தால்தான் பழசு இளகும்.

புது பேட்டரி போடும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். மூன்று வோல்ட் லித்தியம் காசு பேட்டரியை அப்படியே அங்கே பற்றவைத்துவிடுவார்கள். பழைய பேட்டரி சார்ஜ் ஏறுகிற ரகம். கணினி ஓடும்போதெல்லாம் மதர்போர்டு அதற்கு மின்சாரம் ஊட்டும். காசு பேட்டரிக்கு ஊட்டினால் உப்பலாம், வெடிக்கவும் கூடும். நடுவில் ஒரு ஷாட்கி டயோடு கட்டாயம், கோடு போட்ட முனை போர்டைப் பார்த்து. பேட்டரி மாட்டுமுன் கணினியை ஓடவிட்டு, பேட்டரிக்கான கம்பி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். டயோடு சரியென்றால் முள் கிட்டத்தட்ட நகராது.

பேட்டரியை நான் போர்டில் வைக்கவே இல்லை. ஒரு சாண் கம்பியில் ஹோல்டர் கட்டி, பெட்டியின் சுவரில் ஒட்டிவிட்டேன். இனி கசிந்தாலும் தகரத்தோடு போகும்.

கழற்றிய உருளையில் காட்மியம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.