சுவரும் ஊரும் – 11: தூரிகை யார் கையில்?

குமாரபாளையத்தில் சும்மா கிடக்கும் சுவரைக் காண்பது அரிது. கட்சிச் சின்னம், கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம் என்று ஏதாவது ஒன்று ஏறியிருக்கும். தேர்தல் நெருங்கினால் வெள்ளையடித்து இடம் பிடித்துவிடுவார்கள். பாலம் தாண்டி பவானிக்குப் போனாலும் இதே கதைதான். லுங்கி நெய்கிறவர், பாவு ஓட்டுகிறவர், சாயப்பட்டறையில் நிற்கிறவர், வடக்கிலிருந்து தறி ஓட்ட வந்த இளைஞர் ஆகியோரின் உழைப்பில்தான் இந்த ஊர் நிற்கிறது. சுவரில் அவர்களுக்கு ஏன் இடமில்லை?

சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். நகருக்குள் குடிசைகளில் வாழ்ந்தவர்களையும், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களையும் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நெடுநாள் வருத்தம். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டின. பெயர் கெட்டுக் கிடந்த பகுதியைப் பார்க்கவென்றே வெளியாட்கள் வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வரைந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்த ஓவியர்கள். என் மனம் இன்னும் ஒரு படி கேட்கிறது: தெருக்காரரே தூரிகை பிடிக்க வேண்டும்.

அப்படியும் நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளநீர் ஓட வெட்டிய கான்கிரீட் கால்வாயின் சுவரில், 1976 கோடையில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் வேலையைத் தொடங்கினார். அவரோடு இறங்கிய 80 இளையவர்களில் பலர் போலீஸ் வழக்குகளில் சிக்கியவர்கள், வெவ்வேறு இனத்தவர். பாடப்புத்தகம் விட்டுவிட்ட தங்கள் மக்களின் வரலாற்றைக் கேட்டறிந்து வரைந்தார்கள். 1983 வரை ஐந்து கோடைகள், 400க்கும் மேற்பட்ட இளையவர்கள், 2,754 அடி நீளம்.

நம் பக்கத்திலேயே பெங்களூரில் 2016இல் தொடங்கிய அரவாணி ஆர்ட் புராஜெக்ட் என்ற ஓவியக் குழு இருக்கிறது. கூவாகத்துக் கூத்தாண்டவரான அரவானை நினைவூட்டும் பெயர். எந்தத் தெருவில் ஏளனம் கேட்டார்களோ, அதே மாதிரித் தெருக்களில் திருநங்கைகள் சாரம் கட்டி ஏறி வரைகிறார்கள். 2024இல் வெனிஸ் பினாலே கண்காட்சி வரை போய்விட்டார்கள்.

இதற்கெல்லாம் கைதேர்ந்த ஓவியர்கள் ஊர் முழுக்க இருக்க வேண்டியதில்லை. சின்னப் படத்தில் கட்டம் போடுவார்கள். சுவரில் நீலம் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டி, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து வரைந்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் எழுதிவிட்டால், பள்ளிப் பிள்ளைகூட நிரப்பலாம். இழை எண்ணிக் கட்டம் போட்ட லுங்கி நெய்கிற ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? முன்னின்று நடத்தவும் ஆள் உண்டு. ஃபிளெக்ஸ் பேனர் வந்தபின் பிழைப்பு இழந்த பெயின்டர்களுக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு.

ஓவியம் குடிதண்ணீர் தராது, கூலியை உயர்த்தாது. அந்தப் போராட்டங்கள் வேறு. ஆனால் தான் நிரப்பிய கட்டத்தின் மேல் சுவரொட்டி ஒட்ட வருகிறவனைத் தடுத்துக் கேட்கும் உரிமை, வாடகை வீட்டுக்காரருக்கும் புதிதாக வந்த தறிக்காரருக்கும் அங்கேதான் பிறக்கிறது.

குமாரபாளையம் வாசகர்களே, நகராட்சியிடம் ஒரு பள்ளிச் சுவரைக் கேட்டு வாங்குங்கள். என்ன வரைவது என்று தெருவில் உட்கார்ந்து, வடநாட்டுத் தொழிலாளர்களையும் அழைத்துப் பேசுங்கள். பேசி முடித்தபின் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.