லூனி ஆறு உவர்ப்பது ஏன்?

தாமிரபரணி நீரைப் பருகி வளர்ந்த நமக்கு ஆற்று நீர் இனிப்பதே இயல்பாகத் தோன்றும். உப்பு வேண்டுமாயின் தூத்துக்குடி அளங்களை நோக்குவோம். ஆனால் கடலுக்கு வெகு தொலைவிலேயே உவர்த்துவிடும் ஆறு ஒன்று இராஜஸ்தானத்தில் உண்டு. அதன் பெயர் லூனி. ‘லவணம்’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்த பெயர் இது; நம் சித்த மருந்துக் கடைக்காரர்களுக்கு அச்சொல் புதிதன்று.

ஆரவல்லி மலையில் அஜ்மீருக்கருகே தோன்றித் தென்மேற்காக ஏறத்தாழ 495 கிலோமீட்டர் ஓடி, கட்ச் ரண் என்னும் உவர்நிலத்தில் லூனி அடங்குகிறது. பலோத்ரா வரையில் நன்னீர், அதன்கீழ் கரிக்கும் நீர் என்பது நெடுநாளைய வழக்கு.

பாறையையும் மண்ணையும் கழுவி வரும் எந்த ஆற்றிலும் சிறிது உப்புண்டு. தாமிரபரணியிலும் உண்டு, இரு பருவமழைகளின் வெள்ளம் அதைக் கடலில் சேர்த்துவிடுவதால் நாவுக்குத் தெரிவதில்லை. லூனிக்கோ ஆண்டில் சில நாள்களே வெள்ளம். பின்னர் வெயில் காய்கிறது. அடுப்பில் வைத்த ரசம் சுண்டினால் கரிக்கிறதன்றோ? ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. மண்மேல் வெண்மையாய்ப் பூத்த அவ்வுப்பை அடுத்த மழை கரைத்து ஆற்றில் சேர்க்கிறது. நிலத்தடியிலுள்ள உவர்நீரும் கசிந்து கலக்கிறது. பலோத்ராவுக்கு அண்மையிலுள்ள பச்பத்ராவில், கடலே இல்லாத இடத்தில், குழி தோண்டி ஊறும் நீரைக் காயவைத்து உப்பெடுக்கிறார்கள் என்றால் அந்நிலத்தின் இயல்பை அறியலாம்.

இவை இயற்கையின் செயல். இவற்றை நாம் தடுக்க இயலாது. மனிதன் சேர்த்த உப்பு வேறு. ஜோத்பூர், பாலி, பலோத்ரா நகரங்களில் சாயத் தொழில் பெருகியுள்ளது. ஜோஜரி, பாண்டி ஆகிய சிற்றாறுகள் சாயக்கழிவைச் சுமந்து லூனியை நோக்கி வருகின்றன. துணிக்கு இடும் காஸ்டிக் சோடாவை அமிலங்கொண்டு சமன்செய்தால் காரம் போகும்; ஆனால் உப்பு பிறக்கும். வண்ணத்தை அகற்றும் சாதாரணச் சுத்திகரிப்பு, கரைந்த உப்பைத் தொடுவதில்லை. தெளிந்த நீரைக் கண்டு ஏமாறுவது இங்கேதான்.

இது வடநாட்டுக் கதை மட்டுமன்று. நொய்யலின் குறுக்கே 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயநீர் தேங்கியது. பாசனத்திற்கென்று கட்டிய அணையின் நீரைத் திறக்க வேண்டாமென்று உழவர்களே முறையிட்டனர். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சவ்வில் வடித்தும் காய்ச்சியும் நீரையும் உப்பையும் பிரித்து, மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் பின்னர் இயங்கலாயின. தூய உப்பு சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. எதற்கும் உதவாத கலப்புப்பு மட்டும் மூட்டைகளாகக் கிடங்கில் குவிகிறது.